ஓயாமல் முட்டையிடும் பறவை



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, அவற்றுள் பதினோராண்டு தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்று உங்களுக்குச் சொல்லப்போவது அறியாமையால் நான் செய்த ஒரு பிழையையும், அதனால் ஒரு வாயில்லாச் சீவன் பட்ட பாட்டையும் பற்றியது. பறவை வளர்ப்போர் உங்களுள் பலர் இருப்பீர்கள். வளர்க்காதவர்களுக்கும் இதில் சிறிது உயிரியல் கிடைக்கும்.

2022-ஆம் ஆண்டு ஆனித் திங்களில் என் பெயர்த்தியின் பிறந்த நாளுக்காக ஒரு பறவை வாங்கினோம். கடைக்காரர் அதனைக் 'காக்டெயில்' என்றார். அதன் முறையான பெயர் காக்கட்டீல் என்பது. தலையில் விசிறி போன்ற கொண்டை, கன்னத்தில் செந்நிறப் பொட்டு, உடல் முழுதும் வெண்மஞ்சள். கிளியினத்தைச் சேர்ந்தது, ஆனால் நம் நாட்டுப் பறவை அன்று, ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் வாழ்வது. நம் பச்சைக்கிளியை வளர்க்கலாகாதோ என்று நீங்கள் கேட்கக் கூடும். வளர்க்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். இது தெரியாமல் இன்றும் பலர் வளர்த்து வருகிறார்கள்.

கடைக்காரர் அதனை ஆண் என்று சொன்னார். நாங்களும் நம்பி அதற்குச் 'சுந்தரம்' என்று பெயரிட்டோம். புரட்டாசித் திங்களில் ஒருநாள் காலை, கூண்டின் அடியில் சுந்தரம் ஒரு வெள்ளை முட்டையின்மேல் அமர்ந்திருந்தது! வீடே சிரித்தது. பெயர் சுந்தரி ஆயிற்று.

ஆண் பறவை இல்லாமல் முட்டை எவ்வாறு வந்தது என்று என் பெயர்த்தி வியந்தாள். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும் அன்றோ? அம்முட்டையில் கரு இராது, அடை வைத்தாலும் குஞ்சு பொரியாது, கூமுட்டையாகப் போகும். காக்கட்டீலும் அவ்வாறே. இதனை அவளுக்கு மிக நன்றாக விளக்கினேன். விளக்கியதில் பெருமையும் கொண்டேன். அப்பெருமையில்தான் பிழை தொடங்கிற்று.

வீணான முட்டை கூண்டில் கிடந்து அழுகுவானேன் என்று அதனை எடுத்துவிட்டேன். ஒருநாள் விட்டு மறுநாள் இன்னொரு முட்டை. அதனையும் எடுத்தேன். ஆசிரியரின் பழக்கம் எளிதில் விடுமா? ஒரு குறிப்பேடு திறந்தேன். வரிசை எண், நாள், எடை, நீளம், குறிப்பு என ஐந்து பத்திகள் கோடிட்டேன். சிறிய தராசு ஒன்றும் வாங்கினேன். முட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து கிராம் இருந்தது. தெருப்பிள்ளைகள் மாலையில் வந்து, "இன்றைக்கு எத்தனை, ஐயா?" என்று கேட்பார்கள். பத்தாவது முட்டையன்று அவர்களுக்கு மிட்டாய் கொடுத்தேன்.

அக்குறிப்பேடு இப்பொழுதும் என் மேசையில் இருக்கிறது. பதினைந்தாம் முட்டைக்கு எதிரே, "ஓடு சொரசொரப்பு" என்று எழுதியிருக்கிறேன். பதினெட்டாவதற்கு எதிரே, "ஓடு மெல்லியது, விரலில் அழுந்துகிறது". இருபத்தொன்றாவதற்கு எதிரே, "தோல்முட்டை". கையெழுத்து மணியாக இருக்கிறது. எழுதினேனே ஒழிய, எழுதியதன் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை.

தைப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், சுந்தரி கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடிற்று. கம்பில் ஏற முயன்று கால் பிடிப்பின்றி விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மையார், முட்டை அடைத்துக்கொண்டது என்றும், விளக்கெண்ணெய் தடவி வயிற்றை மெல்ல அழுத்தினால் வந்துவிடும் என்றும் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நல்லவேளையாக என் பெயர்த்தி, "வேண்டாம் தாத்தா, மருத்துவரிடம் போகலாம்" என்று பிடிவாதம் செய்தாள். அட்டைப் பெட்டி ஒன்றில் துணி பரப்பி, வெந்நீர்ப் புட்டியை உறைக்குள் சுற்றி ஓரத்தில் வைத்து, பறவையை எடுத்துக்கொண்டு விரைந்தோம்.

கால்நடை மருத்துவர் இளம் வயதுப் பெண்மணி. பறவையைத் தொட்டுப் பார்த்ததும், முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்றார். எடை பார்த்து, சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டு, வெதுவெதுப்பும் ஈரப்பதமும் உள்ள பெட்டியில் வைத்தார். அழுத்தியிருந்தால் முட்டை உள்ளேயே உடைந்து பறவை இறந்திருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு உடல் நடுங்கியது. அரை நாள் காத்திருந்தோம். மாலை நான்கரை மணியளவில் முட்டை வெளிவந்தது. அது இருபத்து மூன்றாவது.

காத்திருந்த நேரத்தில் என் குறிப்பேட்டை அவரிடம் காட்டினேன். ஏதோ பாராட்டு எதிர்பார்த்தேன் போலும்! அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினெட்டாம் முட்டையிலேயே கொண்டு வந்திருக்கலாமே, ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுவோம். காக்கட்டீலின் எடை ஏறத்தாழத் தொண்ணூறு கிராம். முட்டை ஐந்து கிராம். அஃதாவது உடலில் பதினெட்டில் ஒரு பங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு தாய், இரண்டே முக்கால் கிலோ எடையுள்ள பிள்ளையை ஒருநாள் விட்டு ஒருநாள் பெறுவதற்கு இஃது ஒப்பாகும். முட்டை ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அச்சுண்ணாம்பு இரையிலிருந்து வரவேண்டும். இரையில் போதாவிடின், பறவை தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முட்டையிடும் பருவத்தில் பெண் பறவையின் எலும்புக் குழலுக்குள் இதற்கெனவே ஒரு சேமிப்பு உண்டாகிறது. அது நாலைந்து முட்டைகளுக்குப் போதும், இருபதுக்குப் போதாது. சேமிப்புக் கரைந்தபின் எலும்பு மெலியும். தசைக்கும் சுண்ணாம்பு குறையும். முட்டையை வெளியே தள்ளுவது தசையன்றோ? தசை சோர்ந்தால் முட்டை வழியில் நின்றுவிடும். என் குறிப்பேட்டில் 'சொரசொரப்பு', 'மெல்லியது', 'தோல்முட்டை' என வரிசையாக இருந்தவை, அப்பறவையின் எலும்பு கரைந்த கதையே ஆகும்.

இயற்கையில் காக்கட்டீல் ஓர் ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இடும். பின் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் குஞ்சு பொரியும். அங்ஙனமிருக்க, சுந்தரி ஏன் நிறுத்தவில்லை? விடை என் இளமைப் பருவத்திலேயே இருந்தது.

எங்கள் ஊரில் என் தாயார் கோழி வளர்த்தார். கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டபின் அடையில் உட்கார்ந்துவிடும். குஞ்சு வேண்டுமென்றால் அவயம் வைப்பார். முட்டைதான் வேண்டுமென்றால், அடை தெளிவிக்க வேண்டும். கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்கில் ஓர் இறகைச் செருகி விடுவதும் அக்கால வழக்கம். அடை தெளிந்த கோழி சில நாளில் மறுபடி முட்டையிடத் தொடங்கும். நாள்தோறும் முட்டையை எடுக்கும்போதும், கூட்டில் ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். இல்லையேல் கோழி வேறிடம் தேடிப் போய்விடும். முட்டையை எடுப்பதும் அடையைக் கலைப்பதும் முட்டையைப் பெருக்கும் வழிகள் என்பதை எட்டு வயதிலேயே கண்ணால் கண்டவன் நான். அதே செயலை அறுபது வயதிற்கு மேல், முட்டையை நிறுத்தக் கருதிச் செய்து வந்தேன்! கூண்டில் முட்டை இல்லாதபோது, பறவையின் உடல், முட்டையைப் பாம்பு தின்றது என்றோ, காற்றில் விழுந்தது என்றோ கொள்கிறது போலும். இழந்ததை ஈடுசெய்யப் புதிதாக இடுகிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1883-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் பிலிப்ஸ் என்பவர், மரங்கொத்தி இனத்துப் பறவை ஒன்றின் பொந்திலிருந்து, ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டே வந்தார். அப்பறவை 73 நாளில் 71 முட்டைகள் இட்டது. எல்லாப் பறவைகளும் இப்படி அல்ல. புறா இரண்டு முட்டையோடு நிறுத்திக்கொள்ளும். மரங்கொத்தி, கோழி, காக்கட்டீல் முதலியன, கூட்டில் வயிற்றுக்கு அடியில் போதிய முட்டை இருப்பதை உணர்ந்த பின்னரே ஓய்கின்றன.

சரி, முட்டையை எடுத்தது தொடர்ந்ததற்குக் காரணம். தொடங்கியதற்குக் காரணம் என்ன? மருத்துவர் எங்கள் வீட்டைப் பற்றிப் பல கேள்விகள் கேட்டார். விளக்கு எத்தனை மணி வரை எரிகிறது? கூண்டில் கண்ணாடி உண்டா? பறவை உறங்க மறைவிடம் உண்டா? யார் தடவிக் கொடுக்கிறார்கள், எங்கே? ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லச் சொல்ல எனக்கே விளங்கலாயிற்று.

முதலில் விளக்கு. என் பெயர்த்தி அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. இரவு பதினொரு மணி வரை படிப்பாள். கூண்டு அவள் மேசைக்கு அருகே இருந்தது. பறவைக்குப் பகல் நீளுவது இனப்பெருக்கக் காலத்தின் அறிகுறி. இதனை முதன்முதல் சோதனையால் காட்டியவர் வில்லியம் ரோவன் என்னும் பேராசிரியர். கனடா நாட்டு எட்மன்டன் நகரில், 1924-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தெற்கு நோக்கி வலசை போகும் ஜன்கோ என்னும் சிட்டுகளைப் பிடித்து வெட்டவெளிக் கூண்டுகளில் அடைத்தார். உறைபனி கொட்டும் குளிர். சூரியன் மறைந்தபின் மின்விளக்கை ஏற்றி, நாள்தோறும் சில நிமிடம் கூட்டிக்கொண்டே போனார். நடுக் குளிர்காலத்தில், வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது, அச்சிட்டுகளின் இனப்பெருக்க உறுப்புகள் இளவேனிற் காலத்துக்குரிய வளர்ச்சியைப் பெற்றன! குளிர் தடுக்கவில்லை, ஒளியே தூண்டிற்று. கோழிப் பண்ணைகளில் மாலைக்குப்பின் விளக்கு எரிவதன் காரணமும் இதுவே. எங்கள் வீட்டுப் படிப்பு விளக்கும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அடுத்தது கண்ணாடி. தனியே இருக்கிறதே என்று இரங்கி நானே வாங்கி மாட்டியது. 1939-ஆம் ஆண்டு ஹாரிசன் மாத்யூஸ் என்னும் ஆங்கில விலங்கியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். தனியே அடைத்த பெண் புறா முட்டையிடுவதில்லை. தடுப்புக்கு அப்பால் வேறொரு புறாவைக் கண்டால் இடும். வெறும் கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலும் இடும் என்று அவர் காட்டினார். சுந்தரி கண்ணாடியின் முன் கொண்டையை விரித்துத் தலையசைத்தபோது, அது விளையாடுகிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். அதற்கோ துணை கிடைத்துவிட்டது.

பின், மண்கலயம். உறங்குவதற்கு என்று கடையிலேயே சேர்த்துத் தந்தது. மரப்பொந்தில் முட்டையிடும் பறவைக்கு இருண்ட கலயம் கூடு அல்லாமல் வேறென்ன? அடியில் விரித்த செய்தித்தாளைக் கிழித்துக் கலயத்துக்குள் சேர்த்தது. அதையும் கண்டு சிரித்தோம். கிண்ணத்தில் எந்நேரமும் தினையும் சூரியகாந்தி விதையும் நிறைந்திருக்கும். ஆஸ்திரேலியப் பாலையில் மழை பெய்து புல் விதை மலிந்த சில வாரமே காக்கட்டீலுக்கு நல்ல காலம். அக்காலம் நோக்கியே அது குஞ்சு பொரிக்கும். நாங்கள் அதற்கு முடிவில்லாத மழைக்காலம் ஒன்றை வீட்டுக்குள் உண்டாக்கி வைத்திருந்தோம்.

கடைசிக் கேள்விதான் என் பெயர்த்தியை அழ வைத்தது. படிப்பு முடிந்ததும் பறவையைத் தோளில் ஏற்றி, கழுத்திலிருந்து வால் வரை தடவிக் கொடுப்பாள். விரல் நுனியில் சூடான சோறு ஊட்டுவாள். முதுகையும் சிறகின் அடியையும் தொடுவது துணைப் பறவையின் செயல் என்றும், கிளியினத்துப் பலவற்றில் ஆண் பெண்ணுக்கு இரை ஊட்டுவது மணவினையின் தொடக்கம் என்றும் மருத்துவர் சொன்னார். தலையையும் கழுத்தையும் மட்டும் தொடலாம் என்றார். "அப்படியானால் நான்தானே அதற்கு நோய் தந்தேன்?" என்று வழியெல்லாம் அழுதாள். நான் என்ன சொல்வது? முட்டையை எடுத்தவன் நான். கண்ணாடி மாட்டியவன் நான். அதைச் சொன்னேன். அவள் அழுகை நின்றதாகத் தெரியவில்லை.

அன்று மாலையே மாற்றங்கள் தொடங்கின. கண்ணாடியும் கலயமும் போயின. கூண்டைச் சாமான் அறைக்கு மாற்றினோம். பகலில் அங்கே சன்னல் வெளிச்சம் உண்டு, மாலை ஆறு மணிக்குமேல் யாரும் போவதில்லை. கருந்துணி ஒன்றால் மூடி, காலை எட்டு மணிக்குத்தான் திறப்பது. அஃதாவது பதினான்கு மணி நேர இருள். என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "பாவம், வாயில்லாத சீவனை இருட்டில் அடைக்கிறீர்களே!" என்றாள். முதல் வாரம் எனக்கும் மனம் கூசியது. துணிக்குள்ளிருந்து ஒரு கூவல் எழும். பதில் குரல் கொடுக்காமல் இருப்பது அரிது. கூண்டுக்குள் கம்பு, கிண்ணம் எல்லாவற்றையும் சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினோம். இடம் நிலையில்லை என்று தோன்றினால் பறவை முட்டையிடத் தயங்கும்.

உணவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குறைக்கச் சொன்னார்கள் என்று பட்டினி போட்டுவிடாதீர்கள். சிறு பறவை ஒருநாள் பட்டினியும் தாங்காது. நாங்கள் சூரியகாந்தி விதையை அருமையாக்கினோம். முருங்கைக்கீரையும் கொத்தமல்லியும் சேர்த்தோம். கம்பியில் கடல்நுரை ஒன்றைக் கட்டினோம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது கணவாய் மீனின் உள்ளோடுதான், முழுதும் சுண்ணாம்பு. காலை வெயிலில் கூண்டைச் சிறிது நேரம் வெளியே வைத்தோம்; ஒரு பாதியில் நிழலும் இருக்க வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. சுண்ணாம்பை உடலில் சேர்க்கும் வைட்டமின் 'டி'யை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

பங்குனியில், பெயர்த்தியின் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, சுந்தரி மறுபடி ஒரு முட்டையிட்டது. எனக்குப் பதற்றம். ஆனால் இம்முறை என்ன செய்வது என்று தெரியும். எங்கள் தெருத் தச்சரிடம் மூன்றாம் முட்டையின் அளவைக் காட்டி, கடைசல் பிடித்து மரமுட்டைகள் செய்து தரக் கேட்டேன். "எதுக்கு, சார்?" என்றார். காரணத்தைக் கேட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு மரமுட்டைகளை மெல்லச் சேர்த்து வைத்தேன். சுந்தரியின் மூன்றையும் எடுக்கவில்லை. ஐந்தின்மேலும் சிறகை விரித்து அது உட்கார்ந்தது. நான்காவது முட்டை வரவில்லை. இருபது நாள் வரை இறங்கி இறங்கித் தின்றுவிட்டுப் போய் அமரும். இருபத்து மூன்றாம் நாள் மேற்கம்பில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. கீழே திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் எடுத்தேன்.

இவ்வளவும் செய்தும் நிற்காத பறவைகள் உண்டு. அவற்றிற்கு முட்டைச் சுரப்பைத் தூண்டும் நீரை அடக்கும் ஊசி மருந்துகள் உள்ளன. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பறவை தரையில் சிலிர்த்து உட்கார்ந்து, வால் ஆட மூச்சு வாங்கினால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராதீர்கள். அதற்கு உள்ள நேரம் மணிக்கணக்கில்தான். எண்ணெய் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், கதகதப்பாக வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

என் பெயர்த்தி 2023-ஆம் ஆண்டு வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குச் சென்றாள். சுந்தரி எங்களோடு இருந்தது. அதற்குப் பின்னும் ஆண்டுக்கு ஓர் ஈடு இட்டது; நான்கோ ஐந்தோ; அமர்ந்து, சலித்து, எழுந்துவிடும். குறிப்பேட்டில் அவற்றையும் எழுதியிருக்கிறேன். இப்பொழுது எடைக்குப் பதிலாக ஓட்டின் தன்மையையே முதற்பத்தியில் எழுதுகிறேன். விடுதியிலிருந்து அவள் தொலைபேசியில் அழைக்கும் நேரம் மாலை ஆறேகால். என் உடல்நலம் பற்றிக் கேட்பது இரண்டாவது கேள்வி. "தாத்தா, துணி போட்டாயிற்றா?" என்பது முதலாவது.